டார்க் சன்: ஆத்தாஸில் உங்களால் மறக்க முடியாத சந்திப்பு எது?

வணக்கம் நண்பர்களே. நம்மில் டார்க் சன் ஆடியவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. ஆடியவர்கள் ஆளுக்கு ஒரு சந்திப்பையாவது எழுதுங்கள். ஜெயித்த சண்டையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நானே தொடங்கி வைக்கிறேன்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பாத்திரமாகி, டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டு. அதன் இரண்டாம் பதிப்புக்காக 1991இல் டிஎஸ்ஆர் நிறுவனம் கொண்டுவந்த உலகம் இது. டிராய் டென்னிங்கும் டிமோதி பிரவுனும் உருவாக்கினார்கள். படங்கள் பிராம் வரைந்தவை. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டே ஆட வந்தவர்கள் உண்டு. ஆத்தாஸ் என்ற அந்த உலகத்தில் சூரியன் சிவந்துபோய்க் கிடக்கிறது. கடல் இருந்த இடத்தில் இப்போது புழுதிதான் அலையடிக்கிறது. கடவுள்கள் இல்லை. நகரங்களை ஆள்பவர்கள் சூனிய அரசர்கள். இரும்பு கிடைப்பது அரிது, அதனால் வாள் என்றால் எலும்பு, கல், அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடி.

எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து இழுத்தது மந்திரம்தான். ஆத்தாஸில் மந்திரத்துக்கான சக்தி செடிகொடிகளின் உயிரிலிருந்து வருகிறது. அளவோடு, பொறுமையாக எடுப்பவர் பிரிசர்வர். கண்மண் தெரியாமல் உறிஞ்சுபவர் டிஃபைலர். அவர் நிற்கும் இடத்தைச் சுற்றிப் பச்சை எல்லாம் கருகிச் சாம்பலாகிவிடும். அந்த உலகமே பாலைவனமானது இப்படி உறிஞ்சி உறிஞ்சித்தான்.

நாங்கள் ஆடுவது 2010இல் வந்த நான்காம் பதிப்பு விதிகளில். அதில் ஒரு விதி உண்டு. மந்திரவாதி தன் நாளொன்றுக்கு ஒருமுறை மட்டும் போடக்கூடிய பெரிய மந்திரத்தைப் போடும்போது டைஸ் சரியாக விழவில்லை என்றால், டிஃபைல் செய்து மறுபடி உருட்டலாம். பிரிசர்வராகவே வாழ்ந்தவருக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் அடி விழுவது பக்கத்தில் நிற்கும் சொந்தக் கூட்டாளிகளுக்கு.

எங்கள் குழுவில் மந்திரவாதியாக ஆடும் பெண் ஏழு மாதமாக ஒருமுறைகூட அதைத் தொட்டதில்லை. அன்று ஊரிக் நகரத்து டெம்ப்ளர்கள், அதாவது சூனிய அரசரின் அதிகாரிகள் துரத்த, பாறைகளுக்கு நடுவில் ஒரு சிறு ஊற்றில் போய் ஒதுங்கினார்கள். எட்டு முள்மரங்கள், முழங்கால் அளவு தண்ணீர், தப்பி வந்த அடிமைக் குடும்பம் ஒன்று. அந்தக் குடும்பத்தின் சின்னப் பிள்ளை, மரத்திலிருந்து ஒரு இலையைப் பறித்துக் கையிலேயே வைத்திருந்தது. அதற்கு முன் அது இலையைத் தொட்டுப் பார்த்ததில்லை என்று சொல்லி வைத்திருந்தேன்.

சண்டை மோசமாகப் போனது. கடைசியில் அவள் பெரிய மந்திரத்தைப் போட்டாள். இருபது பக்க டைஸில் 4. டிஎம், அதாவது கதையை நடத்துபவர் என்ற முறையில் நான் கேட்டாக வேண்டும்; கேட்டேன்: "மறுபடி உருட்டலாம். வேண்டுமா?"

யாரும் பேசவில்லை. முல் இனத்து (மனிதர், ட்வார்ஃப் கலப்பு) கிளாடியேட்டராக ஆடியவருக்கு மிச்சம் இருந்தது 5 ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி. அவள் உருட்டினால் அவர் விழுவார். அவர்தான் சொன்னார்: "போடு. நான் விழுந்தால் அப்புறம் தூக்கிக்கொள்ளலாம்."

உருட்டினாள். 19. டெம்ப்ளர்கள் வீழ்ந்தார்கள், முல்லும் சரிந்தார். அவரைக் காப்பாற்றிவிட்டார்கள், அது வேறு. நான் சொல்ல வந்தது மரங்களைப் பற்றி. எட்டு மரமும் நின்ற நிலையிலேயே சாம்பலாகிக் காற்றில் உதிர்ந்தன. பிள்ளை கையை விரித்துப் பார்த்தது. இலை இருந்த இடத்தில் கரி.

அந்தக் குடும்பம் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பியது. அன்றோடு செஷனை முடித்தேன். அடுத்த வாரம் அவளுடைய கேரக்டர் ஷீட்டைப் பார்த்தேன். பொருள்கள் பட்டியலில், தண்ணீர்த் தோல்பைக்குக் கீழே புதிதாக ஒரு வரி: விதைகள், 0. அதற்குப் பிறகு எந்தச் சந்தைக்குள் நுழைந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி விதை இருக்கிறதா என்பதுதான். இப்போது அந்த வரியில் 11 இருக்கிறது.

*

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். சரி, என்னுடையதைச் சொல்கிறேன்.

நாங்கள் 1991இல் வந்த பழைய விளையாட்டுப் பெட்டியை வைத்து இரண்டாம் பதிப்பிலேயே ஆடினோம். அதில் ஆளுக்கு நான்கு கேரக்டர் தயார் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் செத்தால் அடுத்தவர் வருவார். எல்லோரும் மூன்றாம் லெவலில் தொடங்குவார்கள். ஆத்தாஸில் அதற்குக் கீழே தொடங்கினால் தாங்காது, அது நியாயமான விதி.

என் முதல் கேரக்டர் ஒரு ட்வார்ஃப், குள்ளர் இனம். ஆத்தாஸ் ட்வார்ஃப்களுக்குத் தாடி கிடையாது, தலையில் ஒரு முடிகூட இருக்காது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபோகஸ் உண்டு, அதாவது எடுத்துக்கொண்ட வேலை. குறைந்தது ஒரு வாரமாவது பிடிக்கும் வேலையாக இருக்க வேண்டும். அதை முடிக்காமல் செத்தால் அவர் பான்ஷி என்ற ஆவியாகி, முடியாத வேலையைச் சுற்றி அலைவார். விதிப் புத்தகத்தில் அதைப் படித்தபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் ட்வார்ஃபின் ஃபோகஸ், மலையடிவாரத்தில் இருந்த ஒரு முன்னாள் அடிமைகளின் ஊருக்குக் கல் தொட்டி கட்டித் தருவது. தண்ணீரைச் சேர்த்து வைக்க. மூன்று செஷன் கட்டினேன். எத்தனை வரிசைக் கல், எந்தப் பக்கம் சரிவு என்று நோட்டில் படம் போட்டு வைத்திருந்தேன். மேல் வரிசையில் 17 கல் பாக்கி இருந்தபோது கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். நான் செத்தேன். அடுத்து என் எல்ஃப் வந்தான், கதை வேறு திசையில் ஓடியது, எல்லோரும் மறந்துவிட்டோம். டிஎம் மறக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து அதே ஊருக்கு இரவில் போய்ச் சேர்ந்தோம். ஊரில் விளக்கு இல்லை. தொட்டியில் தண்ணீர் எடுக்க யாருக்கும் துணிவில்லை என்றார்கள், ராத்திரி அங்கே ஒரு ஓலம் கேட்கிறதாம். டிஎம் என்னைப் பார்த்து, "குரல் உனக்குப் பழக்கமான குரல்" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

வாளை எடுத்தவர்களை நான் நிறுத்தினேன். அது என் ஆள். கல் எங்கே கிடக்கிறது என்று கேட்டேன். அன்று விட்ட இடத்திலேயே குவியலாக இருக்கிறது என்றார். இரண்டு பேர் பான்ஷியை மறித்து நிற்க, மற்ற இருவர் கல்லை எடுத்து வைத்தோம். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு ரோல். பழைய நோட்டை எடுத்து வந்து மேசையில் விரித்து, வைத்த கல்லை ஒவ்வொன்றாக அடித்தேன். ஒன்பதாவது கல்லில் எங்கள் கிளெரிக், அதாவது பூசாரி, விழுந்தார். பதினேழாவது கல்லை வைத்தபோது டிஎம் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம், "ஓலம் நின்றுவிட்டது" என்றார்.

வேலை முடிந்தால் பான்ஷி அடங்குமா என்று எங்களில் யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை.

*

என்னுடையது சின்னது. எங்கள் குழுவில் ஒருவர் த்ரி-கிரீன், அதாவது ஆள் உயரத்துக்கும் மேல் நிற்கும் கும்பிடுபூச்சி இனம். அவர்களுக்குத் தூக்கம் கிடையாது. எல்ஃப் மாமிசம் என்றால் அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்றும் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் எல்ஃப். முகாம் போடும் ஒவ்வொரு இரவும் அவர், "நான் தூங்குவதில்லை. எல்ஃபைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்" என்பார். எனக்கு அது பெரிய தொல்லையாக இருந்தது, இரண்டு தடவை வெளிப்படையாகவே சண்டை போட்டேன்.

ஒரு இரவு பெல்கோய் வந்தன. சின்ன மணி ஒன்றை அடித்து, ஒருவர் மனத்தை மட்டும் பிடித்து இருட்டுக்குள் இழுத்துப் போகும் பாலைவனக் கூட்டம் அது. டிஎம் என்னிடம் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: நீ எழுந்து நடக்கிறாய். மற்றவர்கள் எல்லோரும் தூக்கத்தில். எனக்கு உருட்டவும் வாய்ப்பில்லை. அப்போது த்ரி-கிரீன் ஆடியவர் மெதுவாகச் சொன்னார்: "நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேனே."

நான்கு கைகளாலும் என்னைப் பிடித்து மணலோடு அழுத்திக்கொண்டார். விடியும் வரை விடவில்லை. அன்றிலிருந்து அவருக்குப் பக்கத்தில்தான் என் பாய்.

*

இழையைத் தொடங்கியவன்தான் மறுபடி வருகிறேன். தொட்டி கட்டிய நண்பரே, உங்களிடம் ஒரு அனுமதி வேண்டும். எங்கள் குழு அடுத்த சனிக்கிழமை ஊரிக்கை விட்டு மலைப் பக்கமாகப் போகிறது. உங்கள் ஊரை, அந்தத் தொட்டியோடு, எங்கள் ஆத்தாஸில் வைத்துக்கொள்ளலாமா? அவளிடம் 11 விதை இருக்கிறது, ஊன்றுவதற்குத் தண்ணீர் உள்ள இடம் இதுவரை கிடைக்கவில்லை. முடிந்தால் அந்த நோட்டுப் படத்தையும் அனுப்புங்கள். சரிவு எந்தப் பக்கம் என்று தெரிந்தால் நிரம்பி வழியும் தண்ணீர் எங்கே போகும் என்று சொல்லிவிடலாம். முதல் விதையை அங்கேதான் போடுவாள் என்று நினைக்கிறேன்.