ரோலர் கோஸ்டரா, ஊர் சுற்றலா? நாலு நாள் லீவுக்கு எது தகும்?

செம்பனைக்காரன்:
வணக்கம் மக்களே, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் நாலு நாள் லீவு கிடைத்திருக்கிறது. ஐந்து பேர் கிளம்புகிறோம்: நான், மனைவி, 14 வயது மகன், 9 வயது மகள், 68 வயது அம்மா. மகன் ஆறு மாதமாக யூடியூப்பில் ரோலர் கோஸ்டரைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை, சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் போய் பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவில் ஏறியே ஆகவேண்டுமாம். மனைவி பினாங்கு என்கிறாள். அறை எடுத்துத் தங்கி, நடந்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து வந்தால் அவளுக்குப் போதும். நான் நடுவில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன். இங்கிருந்து ஜொகூர் பாலத்துக்கே 500 கிலோமீட்டருக்கு மேல் காடி ஓட்டவேண்டும், அப்புறம் பாலத்து நெரிசல், சிங்கப்பூர் டாலரில் ஐந்து டிக்கெட், இவ்வளவும் இரண்டே நிமிடத்தில் முடிகிற ஒரு ரைடுக்கு.

போன வருடம் ஒரு பார்க்குக்குப் போனோம், பெயர் வேண்டாம். மதியம் இடி இடித்ததும் பெரிய ரைடையெல்லாம் நிறுத்திவிட்டார்கள், நாலரை மணி வரை கூரைக்கடியில் உட்கார்ந்து நக்கெட் தின்றுவிட்டு வந்தோம். அந்தக் கடுப்பு இன்னும் இருக்கிறது, அதனால் நான் நடுநிலையாகக் கேட்கிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். இரண்டுக்கும் போய்வந்தவர்கள் சொல்லுங்கள், ஒரு நல்ல கோஸ்டர் பெரிதா, ஒரு நல்ல ஊர் பெரிதா?

தலைகீழ் தம்பி:
அண்ணே, உங்கள் மகன் பக்கம் பேச ஒருத்தனாவது வேண்டாமா. அந்த ரைடில் இரண்டு தண்டவாளம், சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். சிவப்பில் உட்கார்ந்து போகலாம், தலைகீழாகாது. நீலத்தில் தண்டவாளத்துக்குக் கீழே தொங்கவேண்டும், கால் அந்தரத்தில், புரட்டிப் புரட்டி எடுக்கும். உயரம் 42.5 மீட்டர். பத்துமலை முருகன் சிலை 42.7 மீட்டர், அப்போது நினைத்துப் பாருங்கள், சாமி தலை மட்டத்துக்குப் போய் அங்கிருந்து விழுகிறோம். காற்றும் உராய்வும் தடுக்காமல் அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் மணிக்கு 104 கிலோமீட்டர் வேகம் வரும், படிவம் 4 பிசிக்ஸ் கணக்குத்தான். சிவப்பு வண்டி 90ஐத் தொடுகிறது.

இரண்டு நிமிடம்தானே என்று எல்லோரும் சொல்கிறார்கள், அந்த இரண்டு நிமிடத்துக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மேட்டின் உச்சியைத் தாண்டும்போது வண்டி கீழே திரும்பிவிடும், உடம்பு மட்டும் இன்னும் மேலே போகப் பார்க்கும், அந்த அரை விநாடி நாற்காலிக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை. கோஸ்டர் வளையங்கள் முழு வட்டமாக இல்லாமல் கண்ணீர்த்துளி மாதிரி இருப்பதற்கும் காரணம் இருக்கிறது, முழு வட்டமாகக் கட்டினால் அடியில் நுழையும் இடத்தில் ஆளை நாற்காலியோடு நசுக்கிவிடும். பினாங்கில் எந்தத் தெருவில் இது கிடைக்கும்?

தூரம்தான் கஷ்டம் என்றால் கேஎல் (கோலாலம்பூர்) பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேர் மாலுக்குள்ளேயே சூப்பர்சோனிக் ஒடிசி இருக்கிறது. மால் திறந்த 2003இலிருந்து அங்கே இருக்கிற ரைடு, 800 மீட்டர் தண்டவாளம், தலைகீழாகவும் சுற்றும், கூரைக்குக் கீழே என்பதால் இடி மழைக் கவலை கிடையாது. பராமரிப்பில் இருக்கிறதா என்று மட்டும் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்தான் என்று முடிவானால் மகளைச் சுவரில் நிறுத்தி அளந்துவிடுங்கள், அந்த ரைடுக்கு 125 சென்டிமீட்டர் வேண்டும்.

பை பிடிக்கிற அக்கா:
தம்பி, நீ ஏறுகிறவன், ஏறுகிறவன் கணக்கைச் சொல்லிவிட்டாய். நான் பை பிடிக்கிறவள். கெந்திங்கில் பழைய வெளிப்புறப் பார்க் 2013இல் மூடும்வரை கார்க்ஸ்க்ரூவுக்குக் கீழே நின்று பை பிடித்தேன், சிங்கப்பூரிலும் பிடித்தேன். லாக்கர் இருக்கிறது என்று சொல்வார்கள், தண்ணீர் போத்தலும் அம்மாவின் மாத்திரையும் பிள்ளையின் மாற்றுத் துணியும் லாக்கரிலா வைப்பது? வீட்டுக்கு ஒருத்தர் இப்படி நிற்கத்தான் வேண்டியிருக்கிறது, பெரும்பாலும் அது அம்மாவோ பாட்டியோதான், அவர்களுக்கும் அதே நுழைவுக் காசு.

வரிசையை மறந்துவிடாதீர்கள். அந்த கலாக்டிகாவை 2013இல் நிறுத்தி, 2015இல் திரும்பத் திறந்தபோது ஒரு வரிசைக்கு நாலு நாற்காலி இருந்ததை இரண்டாக்கிவிட்டார்கள், ஆகவே ஒரு தடவைக்கு ஏறுகிற ஆள் பாதி. நாங்கள் போன அன்று என் வீட்டுக்காரரும் மகனும் ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். நானும் நின்றேன், வெளியே, தனியாக.

பினாங்கில் பை பிடிக்க ஆள் தேவையில்லை, எல்லோரும் சேர்ந்தே நடக்கலாம். குவீன் தெருவில் 1833இல் கட்டிய மாரியம்மன் கோயில், பக்கத்திலேயே குட்டி இந்தியா, கால் வலித்தால் எந்தக் கடையிலும் உட்கார்ந்து ஒரு தே-ஓ, பால் இல்லாத தேநீர். ஆனால் அங்கேயும் ஏமாறாதீர்கள். ஆர்மேனியன் தெருவில் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் சுவரோவியத்துக்கு முன்னால் படம் எடுக்க வரிசை நிற்கிறது, ஒரு ஆளுக்குப் பத்து விநாடி. ஊரையும் ரைடு மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டி அடுத்த சந்துக்குள் போய்விடுங்கள்.

ஈப்போக்காரன்:
அண்ணே, ரைடு போய்விடும், ஊர் நிற்கும் என்பதற்கு உதாரணம் உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்திலேயே கிடந்ததே. மேரு ராயாவில் அந்த அனிமேஷன் பார்க் 2017 ஜூனில் திறந்தது, 2020 ஜனவரியில் மூடிவிட்டார்கள், மூன்று வருடம்கூட ஆகவில்லை. அதே ஈப்போவில் பழைய டவுன் சந்துகளுக்கு யாரும் புதிதாக எதையும் கட்டவில்லை, சனிக்கிழமை காலை வெள்ளைக் கோப்பிக் கடையில் உட்கார இடம் கிடைக்கிறதா? பார்க்குக்காரர்கள் சில வருடத்துக்கு ஒருமுறை புதிய ரைடு கொண்டுவந்தால்தான் போனவன் திரும்பி வருவான். அமெரிக்காவில் 139 மீட்டர் உயரத்தில் கிங்டா கா என்று ஒன்று இருந்தது, 2005இலிருந்து உலகத்திலேயே உயரமான கோஸ்டர் அதுதான். 2024இல் நிறுத்தி 2025 பிப்ரவரியில் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். பினாங்கு ஜார்ஜ்டவுனில் 2008இலிருந்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல், ஒரு பழைய கடைவீட்டை இஷ்டத்துக்குத் தொட முடியாது.

ஆனால் அக்கா சொல்வதிலும் ஒன்று இடிக்கிறது. பழைய கதை இருந்தாலே ஊர் இழுக்கும் என்றால் சுங்கை சிப்புட் எப்போதோ சுற்றுலா நகரம் ஆகியிருக்கவேண்டும். 1948 ஜூன் 16, தோட்டத்துத் துரைமார் மூன்று பேரைச் சுட்டார்கள், நாட்டில் அவசரகாலம் வந்ததே அதிலிருந்துதான். யார் பஸ் ஏறி அதைப் பார்க்க வருகிறார்கள்? நடக்க நிழல் வேண்டும், சாப்பாடு வேண்டும். 14 வயதுப் பையனை இரண்டு நாள் கடைவீடு பார்க்கக் கூட்டிப்போனால் அவன் போனைத்தான் பார்ப்பான், அது அவன் தப்பு இல்லை. அப்புறம் இன்னொன்று, அம்மாவிடம் யாராவது கேட்டீர்களா?

செம்பனைக்காரன்:
கேட்கவில்லை, உண்மை. நேற்று ராத்திரி கேட்டேன். கல்யாணம் முடிந்து 1979இல் அப்பாவோடு பினாங்கு கொடிமலைக்குப் போனாராம், தோட்டத்து லாரி, பஸ், ஃபெரி எல்லாம் மாறிப் போய், கடைசியில் மலை ரயிலிலும் பாதி வழியில் இறக்கி வேறு ரயிலில் ஏற்றினார்களாம், அந்த நெரிசலில் அப்பாவின் ஒரு செருப்பு கீழ் ரயிலிலேயே போய்விட்டதாம். இந்தக் கதையை நான் இதுவரை கேட்டதே இல்லை. இப்போதும் ரயில் மாறவேண்டுமா என்று கேட்கிறார். மகளை அளந்தேன், 121.

பட்டர்வொர்த் மாமா:
மாறத் தேவையில்லை தம்பி. 1923இல் திறந்ததிலிருந்து இரண்டு துண்டாகத்தான் ஓடியது, உங்கள் அம்மா சொல்வது சரி. 2010இல் பழைய ரயிலை நிறுத்திவிட்டார்கள், அடுத்த வருடம் வந்த புதிய வண்டி கீழிருந்து மேலே ஒரே ஓட்டம். மலை 833 மீட்டர், உச்சியிலேயே முருகன் கோயில் இருக்கிறது, அம்மாவுக்குப் படி ஏறுகிற வேலை மிச்சம், தண்ணீர்மலை முருகன் கோயில் என்றால் 513 படி. காலையிலேயே போய்விடுங்கள், மதியம் கூட்டம். இறங்கும்போது மகளைக் கீழ்ப்பக்கக் கண்ணாடிக்கு அருகில் நிறுத்துங்கள், அந்தச் சரிவில் மரமெல்லாம் முகத்துக்கு நேரே ஏறி வரும், 121 சென்டிமீட்டருக்கு அது போதும்.

மகனுக்குத் தெலுக் பஹாங்கில் எஸ்கேப் பார்க். 2019இல் திறந்த ட்யூப் சறுக்கு 1,111 மீட்டர் நீளம், அந்த வகையில் உலகத்திலேயே நீளமானது. மலைமேல் காட்டுக்குள்ளிருந்து தண்ணீரோடு வருவீர்கள்.

தலைகீழ் தம்பி:
மாமா, தண்ணீர்ச் சறுக்கு கோஸ்டர் ஆகாது. பையனை ஏமாற்றாதீர்கள்.

செம்பனைக்காரன்:
ஏமாற்றவில்லை தம்பி, அவனிடமே கேட்டாயிற்று. இப்போதைக்கு பினாங்கு, காடி எடுக்கவில்லை, சிப்புட் ஸ்டேஷனில் ரயில் ஏறி பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி, அம்மாவுக்காக. மகன் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை, 1,111 மீட்டர் வீடியோவைக் காட்டிய பிறகு சாப்பிட வந்தான். சீனப் பெருநாள் லீவில் அவனும் நானும் மட்டும் கேஎல் போய் டைம்ஸ் ஸ்குவேர் கோஸ்டர், சிங்கப்பூரை மகள் இன்னும் நாலு சென்டிமீட்டர் வளர்ந்தபிறகு பார்க்கலாம். நான் இதுவரை தலைகீழாக எதிலும் போனதில்லை. ஏறுமுன் வயிறு காலியாக இருப்பது நல்லதா, சாப்பிட்டுவிட்டுப் போவதா?

தலைகீழ் தம்பி:
காலி வயிறு வேண்டாம் அண்ணே, இன்னும் அதிகமாகப் புரட்டும். ஒரு மணி நேரம் முன்னால் ரொட்டி சானாய் ஒன்று. இரண்டாவது கேட்காதீர்கள்.