நூறு கிலோமீட்டர் ஓடிய கால்களுக்கு ஆறாயிரம் மீட்டர் சிகரம் எம்மாத்திரம்?

காட்டுத்தடம்:
நான்கு ஆண்டுகளாக ட்ரெயில், அதாவது காட்டு, மலைத் தடங்களில், ஓடுகிறேன். நூறு கிலோமீட்டர் பந்தயங்கள் மூன்றை முடித்திருக்கிறேன். அடுத்து ஆறாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரம் ஒன்றில் ஏற ஆசை. மற்றவர்கள் மூன்று வாரம் எடுத்துக்கொள்வதை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. இதைச் சொன்னதும் மலையேறும் நண்பர் ஒருவர் சிரித்தார். ஆல்ப்ஸில் மோன் பிளாங் மலையைச் சுற்றி ஓடும் யூடிஎம்பி பந்தயத்தில் 170 கிலோமீட்டருக்கு மேல் தூரம், சுமார் 10,000 மீட்டர் ஏற்றம், கெடு 46 மணி 30 நிமிடம். அதற்கே பயிற்சி எடுக்கிறவனைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது?

பனிக்கோடரி:
கணக்கு உதைக்கிறது, நண்பரே. அந்தப் பத்தாயிரம் மீட்டர் ஏறி இறங்கி, ஏறி இறங்கிச் சேர்த்த கூட்டுத்தொகை. தடத்தின் மிக உயரமான இடமே 2,500 மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. காலில் பலம் இருந்தால் காற்று கூடிவிடுமா? 3,000 மீட்டருக்கு மேல் போனால், படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வும் வேண்டும். உயரத்தில் காற்று குறைவதால் வரும் உயர நோய்க்கு ஓட்டக்காரன், சோம்பேறி என்ற பேதமே கிடையாது. சோம்பேறியாவது மெதுவாகப் போவான்.

காட்டுத்தடம்:
அப்படியானால் கிலியன் ஜோர்னெட்? 2017 மே மாதம், ஒரே வாரத்தில் இரண்டு முறை, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் எவரெஸ்டில் ஏறினார். 2013இல் ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் ஏறி இறங்க அவருக்கு ஆனது 2 மணி 52 நிமிடம். அவர் யார்? ஓட்டக்காரர்தானே!

பனிக்கோடரி:
பிரனீஸ் மலைக் குடிலில் வளர்ந்தவர். அப்பா மலை வழிகாட்டி. ஓடக் கற்பதற்கு முன்பே மலையைக் கற்றவர். எவரெஸ்டுக்கும் நேராகப் போய் நிற்கவில்லை. அதற்கு முன் இமயத்தின் இன்னொரு சிகரமான சோ ஓயுவில் ஏறி உடம்பைப் பழக்கிக்கொண்டார். அவருடைய வேகம் உங்கள் கண்ணில் படுகிறது, அந்த இருபது வருடம் படவில்லை.

நள்ளிரவுச்சூப்:
இரண்டும் செய்கிறவள் நான். ஓட்டம் எனக்கு மலையில் உதவாமல் இல்லை. பசியே இல்லாதபோது வாயில் எதையாவது திணித்து விழுங்குவது, பின்னிரவு மூன்று மணிக்குத் தலைவிளக்கு வட்டத்துக்குள் மட்டும் உலகம் இருப்பது, இவையெல்லாம் பழகிப்போயிருந்தன. கெடுத்ததும் ஓட்டம்தான். கடைசி முகாமுக்கு மேலே, ஓர் அடிக்கு மூன்று மூச்சு என்று போய்க்கொண்டிருந்தேன். பனியில் வழுக்காதிருக்கக் காலணிக்கு அடியில் கட்டும் முள் தகடான கிராம்பானில், இடது காலுடையதன் வார் தளர்ந்திருந்தது. கனத்த கையுறையோடு இறுக்க முடியவில்லை என்று அதைக் கழற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, விரல்கள் என்னுடையவையாக இல்லை. வார் கண்ணெதிரே இருக்கிறது, பிடிக்க முடியவில்லை. வழிகாட்டி குனிந்து கட்டிவிட்டு, மணியைப் பார்த்து, "திரும்பலாம், அக்கா" என்றார். உச்சிக்கு நூற்றைம்பது மீட்டர்தான். "இன்னும் கொஞ்சம்தானே" என்று அவரோடு சண்டை போட்டேன். பந்தயத்தில் என்னைக் கரை சேர்த்த அதே வார்த்தை. பந்தயத்தில் விழுந்தால் யாராவது போர்வை தருவார்கள். மலையில் உச்சியைத் தொட்டவருக்குப் பாதி வழி பாக்கி. 1996 மே மாதம் எவரெஸ்டில் புயலில் எட்டுப் பேர் இறந்தார்களே, பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்ப வேண்டும் என்ற வரம்பு கடந்த பிறகும் பலர் மேலேறிக்கொண்டுதான் இருந்தார்கள்.

காட்டுத்தடம்:
போர்வை தருவார்கள் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 2021 மே 22, சீனாவின் கான்சு மாகாணம், நூறு கிலோமீட்டர் பந்தயம். ஓடியவர்கள் 172 பேர், குளிரில் இறந்தவர்கள் 21 பேர். முன்னணி ஓட்டக்காரர்களும் அதில் உண்டு. காற்றைத் தடுக்கும் சட்டை கட்டாயப் பட்டியலிலேயே இல்லை. அங்கே எந்தச் சிகரமும் இல்லை.

நள்ளிரவுச்சூப்:
சரி, அந்த வரியை எடுத்துவிடுகிறேன். ஆனால் நீங்கள் சொன்னது என் கட்சிக்குத்தான் பலம். அரைக்கால் சட்டையும் வேகமும் போதும் என்று நம்பிப் போன இடம் அது.

சுமைதூக்கி:
மூவரும் சொந்த உயிரைப் பற்றியே பேசுகிறீர்கள். 2014 ஏப்ரல் 18, எவரெஸ்ட் ஏறும் பாதையில் உள்ள கும்பு பனியருவியில் பனிப்பாறை சரிந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்தவர் ஏறுவதற்காக வேலை செய்துகொண்டிருந்தவர்கள். ஒருவருக்குப் பொழுதுபோக்கு, இன்னொருவருக்குப் பிழைப்பு.

பனிக்கோடரி:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. கூலியையும் காப்பீட்டையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் குழுவைத் தேர்வு செய்கிறேன். அது போதும் என்று சொல்லத் துணிய மாட்டேன்.

காட்டுத்தடம்:
ஒரு வாரம் என்றதைத் திரும்பப் பெறுகிறேன். பத்தொன்பது நாள் திட்டம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், மூன்று ஓய்வு நாட்கள் உண்டு. ஓட்டக் காலணியை மட்டும் விட்டுவிட்டுப் போக மாட்டேன்.

பனிக்கோடரி:
அடிவார முகாம் வரை போடுங்கள். அங்கே கூடாரத்தில் வைத்துவிட்டு ஏறுங்கள். உள் கையுறை இருக்கிறதா?