புதுப்பிப்பு: பின்பக்கம் தொங்கிய பிக்கப், கமான் பட்டை மாற்றியாச்சு

செங்கோட்டையிலிருந்து புனலூருக்குக் காய்கறி ஏற்றும் என் பழைய பிக்கப், பின்னால் இடதுபுறம் தொங்குகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கமானில், அதாவது பின் அச்சின் மேல் எடையைத் தாங்கும் வில் போன்ற இரும்புப் பட்டைகளின் அடுக்கில், கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தால் போதும் என்றுதான் பலரும் சொன்னீர்கள்.

கழற்றிப் பார்த்தால் கதை வேறு. இடது கமானில் இரண்டாம் பட்டை, பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் துளை அருகே ஒடிந்திருந்தது. துருவும் சேறும் அப்பியிருந்ததால் வெளியே தெரியவில்லை. ஒடிந்த வாயில் பாதி கறுப்பு, பாதி பளபளப்பு. விரிசல் பழசு, முழுசாக விட்டது இப்போதுதான்.

அதைவிடப் பயமுறுத்தியது கமானின் ஒரு நுனியைத் தாங்கும் ஷேக்கிள் என்ற இணைப்பு, சேஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) மாட்டும் இடம். சுத்தியலால் தட்டினால் டங்கென்ற சத்தமே இல்லை, செதில் செதிலாக உதிர்ந்தது. வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தாச்சு. இந்தச் சேஸில் கூடுதல் பட்டையைப் போட்டுக்கொண்டு புளியரை எஸ் வளைவு ஏறுவதா? நமக்கு வேண்டாம் சாமி.

பட்டையை இரண்டு பக்கமும் மாற்றினோம். ஒரு பக்கம் மட்டும் என்றால் வண்டி சாயும். கமானை அச்சோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டும் புதுசு. கமான் நுனிகளில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நின்ற பிறகே மெக்கானிக் அண்ணன் இறுக்கினார். அந்தரத்தில் வைத்து இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியுமாம்.

பின்பக்கம் உயர்ந்ததில் ஹெட்லைட் இப்போது கீழே பார்க்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டும். அப்புறம், கொஞ்சம் லோடு ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்க வரச் சொல்லியிருக்கிறார்.