வெள்ளைச் சீருடை மஞ்சளாகிறது, வாடகைக்கும் கேட்கிறார்கள்

கேள்வி: அரக்கோணம் சலவைக்கடை

அனைவருக்கும் வணக்கம். அரக்கோணத்தில் சலவை, இஸ்திரிக் கடை நடத்துகிறேன். என் மாமனார் காலத்தில் கடைக்கு வந்ததெல்லாம் வேட்டியும் பள்ளிச் சீருடையும்தான். 1992இல் ஐ.என்.எஸ். ராஜாளி விமானதளம் வந்த பிறகு கடற்படைக்காரர்களின் வெள்ளை உடைகள் வரத் தொடங்கின. இன்று கடையின் வருமானத்தில் பெரும்பகுதி அவர்களால்தான்.

சிக்கல் தண்ணீரில் என்று நினைக்கிறேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். வாளியில் பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். காலையில் பார்த்தால் அடியில் செம்மண் படிந்திருக்கும். சட்டையின் கழுத்துப் பட்டையும் அக்குளும் மஞ்சளாகின்றன. பிளீச்சிங் போட்டால் மஞ்சள் கூடுகிறது. நீலம் போட்டால் மஞ்சள் மறைந்து சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடுகிறது. போன வாரம் வந்த ஒரு சட்டையில் பேட்ஜ் குத்திய இடத்தில் துருப்பிடித்த கறை வேறு. கஞ்சி போடுவதா வேண்டாமா என்பதிலும் ஆளுக்கொரு கட்சி.

இன்னொன்று. எதிர்க்கடை போட்டோ ஸ்டூடியோக்காரர், திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்கு ஒரு வெள்ளைச் சீருடையை ஒரு நாள் வாடகைக்குக் கேட்கிறார். "உங்கள் கடையில் இரண்டு நாள் சும்மாதானே தொங்குகிறது, யாருக்குத் தெரியப் போகிறது?" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் "ஏன் முடியாது?" என்று கேட்டால் எடுத்துச் சொல்ல ஒரு காரணம் வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: பழைய மாலுமி, நாகர்கோவில்

அம்மா, முதலில் வாடகை விஷயம். கொடுக்காதீர்கள். காரணம் கேட்டால் "துணி என்னுடையது இல்லை" என்று சொல்லுங்கள், அது போதும். சட்டம், தேசபக்தி எல்லாம் அதற்குப் பிறகுதான். துவைக்கக் கொடுத்த சட்டையை இன்னொருவன் உடம்பில் மாட்டிவிடுவது எந்தச் சலவைக்காரருக்கும் அழகில்லை. அது மாப்பிள்ளை வேட்டியாக இருந்தாலும் சரி, அட்மிரல் சட்டையாக இருந்தாலும் சரி.

இனி துவைப்பது. நான் கடற்படையில் சீஃப் பெட்டி ஆபிசராக (மாலுமிகளில் மூத்த பதவி) இருந்து ஓய்வு பெற்றவன். நாங்கள் சேர்ந்த காலத்தில் கிட் மஸ்டர் என்றால் வயிற்றைக் கலக்கும். பெட்டியிலுள்ள உடைமை அத்தனையையும் கட்டிலில் வரிசையாகப் பரப்பி வைக்க வேண்டும்; அதிகாரி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். அங்கே கற்றது இதுதான்: வெள்ளை என்பது சோப்பில் வருவது இல்லை, அலசலில் வருவது. சோப்பு துணியில் தங்கி, அதன் மேல் வெயிலும் இஸ்திரிச் சூடும் பட்டால் மஞ்சள் நிச்சயம். கப்பலில் நன்னீருக்குக் கட்டுப்பாடு உண்டு. அப்போது நாங்கள் சோப்பைக் குறைத்தோமே தவிர அலசலைக் குறைக்கவில்லை. உங்கள் கடையில் தண்ணீருக்குக் குறைவில்லை என்றால் சோப்பைப் பாதியாக்கி, அலசலை ஒரு தடவை கூட்டிப் பாருங்கள்.

துவைக்கும் முன் தோள்பட்டைகள் (தோளில் மாட்டும் பதவிச் சின்னங்கள்), பெயர்ப் பட்டை, பதக்க நாடா அனைத்தையும் கழற்றுங்கள். அதிகாரிகளின் நின்ற கழுத்து வெள்ளைக் கோட்டில் பித்தான்களும் கழன்று வரும். உட்பக்கம் சிறிய வளையம் போட்டுப் பிடித்திருப்பார்கள். பித்தானோடு துவைத்தால் அதன் கால் பட்டுத் துணி கிழியும், தங்க முலாமும் மங்கும். தங்கச் சரிகைத் தோள்பட்டையில் பிராசோ என்ற உலோகப் பாலிஷ் பட்டுவிடக் கூடாது. அது பெல்ட்டின் பித்தளைக்கு மட்டும். சரிகையை உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் துடைத்துக் காகிதத்தில் சுற்றி வைத்தால் போதும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். ரப்பரிலுள்ள கந்தகம் சரிகையைக் கறுக்க வைத்துவிடும்.

கஞ்சி பற்றி: அன்றைக்கே போட்டுக்கொள்கிற உடைக்கு மெல்லிய கஞ்சி போடலாம். பெட்டியில் வைக்கப் போகிற உடைக்கு வேண்டவே வேண்டாம். கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் கஞ்சிக்குத்தான் வரும். மடித்த இடத்தில் இழையும் உடையும்.

பதில் 2: வேதியியல் வாத்தியார்

தண்ணீர் பிடிக்கும்போது தெளிவாக இருந்து பிறகு செம்மண் படிகிறது என்றீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. நிலத்தடியில் இரும்பு கரைந்த நிலையில் இருக்கிறது. காற்றுப் பட்டதும் துருவாக மாறிப் படிகிறது. பிளீச்சிங் பவுடரிலும் பிளீச்சிங் திரவத்திலும் இருக்கும் குளோரின் அதே வேலையைச் சில நிமிடங்களில் செய்துவிடும். அதுவும் வாளியின் அடியில் இல்லாமல் சட்டை இழையிலேயே செய்யும். நீங்கள் மஞ்சளை எடுக்கப் போட்டது துருவைச் சாயமாக ஏற்றியிருக்கிறது. போதாக்குறைக்கு இந்தச் சட்டைகள் பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்தவை. குளோரினால் பாலியெஸ்டர் வெளுக்காது, பருத்தி இழைதான் நைந்து போகும்.

செய்ய வேண்டியது: முந்தின நாள் மாலையே தண்ணீரை அகலமான தொட்டியில் உயரத்திலிருந்து விழும்படி நிரப்புங்கள். இரவு முழுதும் அசையாமல் விட்டு, காலையில் மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். கடைசி அலசலுக்காவது நகராட்சிக் குடிநீரோ மழைநீரோ கிடைத்தால் நல்லது. வெளுக்க வேண்டுமானால் ஆக்சிஜன் பிளீச் என்று விற்பதை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற வையுங்கள்.

துருக் கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும். தேய்த்து வெயிலில் வைத்து, காய்வதற்கு முன் அலசுங்கள். விடாப்பிடியான கறை என்றால் திரும்பச் செய்யுங்கள். ஆக்சாலிக் அமிலம் இதைவிட வேகமாக எடுக்கும். ஆனால் அது நஞ்சு. கையுறை இல்லாமலும் குழந்தைகள் நடமாடும் இடத்திலும் வேண்டாம். கழுத்துப் பட்டையின் மஞ்சள் வேறு வகை. அது உடம்பு எண்ணெய். பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஒரு சொட்டு தடவிக் கால் மணி நேரம் விட்டால் இளகும். கறை போகாத சட்டையின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள். சூடு பட்டால் கறை ஆயுள் சந்தா கட்டிவிடும்.

பதில் 3: விசாகப்பட்டினத்து மருமகள்

அக்கா, நான் மதுரைக்காரி. கணவர் கிழக்குக் கடற்படைத் தலைமையகம் இருக்கும் விசாகப்பட்டினத்தில் மாலுமி. நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், தொழிலுக்கு உதவும்.

எல்லா உடையையும் ஒரே மாதிரி நினைக்காதீர்கள். வெள்ளை உடைகள் அணிவகுப்புக்கும் அலுவலகத்துக்கும். கப்பலில் இயந்திரப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்குத் தனி வேலை உடை உண்டு. அந்த உடை எண்ணெயும் கிரீசுமாக வரும். வெள்ளையோடு ஒரே தொட்டியில் போட்டால் முடிந்தது கதை. தீத்தடுப்பு ஓவரால் வந்தால் அதன் உட்பட்டையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தொடுங்கள். பிளீச்சும் துணி மென்மையாக்கும் திரவமும் அதற்கு ஆகாது.

செலவுக் கணக்கு: 2017 ஜூலையிலிருந்து சீருடைப் படி என்று ஆண்டுக்கு ஒரு முறை தருகிறார்கள். அப்போது நிர்ணயித்தது அதிகாரிகளுக்கு 20,000 ரூபாய், அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு 10,000 ரூபாய். முன்பு தனித்தனியாக இருந்த சலவைப் படி, காலணிப் படி எல்லாம் அதற்குள் அடக்கம். ஜூலைச் சம்பளத்தோடு வரும். அதனால் புதுச் சட்டை தைப்பதும் பழையதைக் கழிப்பதும் எங்கள் வீட்டில் ஆகஸ்டில்தான். மற்ற மாதங்களில் இருக்கிற சட்டைகளைத்தான் காப்பாற்றியாக வேண்டும். உங்கள் வாடிக்கையாளர் கறைக்காகக் கோபித்துக்கொண்டால் அதற்கு இதுதான் காரணம்.

வெளியில் போட்டுக்கொள்வதைப் பற்றி: என் மாமியாருக்கு மகன் ரயில் நிலையத்தில் வெள்ளை உடையோடு இறங்க வேண்டும் என்று தீராத ஆசை. அவர் ஒவ்வொரு விடுமுறைக்கும் கட்டம் போட்ட சட்டையில்தான் வந்து நிற்பார். போன தை மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். சீருடையில் வந்தால் மண்டபமே திரும்பிப் பார்க்கும் என்று மாமா கேட்டார். இவர் பட்டு வேட்டியில் போய்ப் பந்தியில் சாம்பார் வாளி தூக்கினார். சீருடையில் போயிருந்தால் அதைச் செய்திருக்க முடியுமா?

பதில் 4: நீதிமன்ற வாசல்

வாடகை பற்றிச் சட்டம் சொல்வது. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 140ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 168ஆம் பிரிவு. படைவீரர், மாலுமி, விமானப்படை வீரர் அல்லாத ஒருவர், தம்மை அப்படிப்பட்டவர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தில் அந்த உடையை அணிந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராத உச்சவரம்பு 500 ரூபாய்.

நோக்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். நாடக நடிகரும் மாறுவேடப் போட்டிக் குழந்தையும் இதில் மாட்ட மாட்டார்கள். படப்பிடிப்பு மாப்பிள்ளையும் தப்பலாம். ஆனால் அந்தப் படம் அவருடைய சமூக ஊடகப் பக்கத்தில் ஏறி, நாளை யாரோ அவரை உண்மையான அதிகாரி என்று நம்பிப் பணம் கொடுத்தால் அதன் பிறகு நிலைமை வேறு. உடையில் பெயர்ப் பட்டை இருந்தால், அது உங்கள் வாடிக்கையாளரின் பெயர்.

அரக்கோணம் சலவைக்கடை

எல்லோருக்கும் நன்றி. தண்ணீரைத் தொட்டியில் தேக்கி வைத்துப் பார்த்தேன்; காலையில் அடியில் ஒரு விரல் கனத்துக்குச் சிவப்புக் குழம்பு. துருக் கறை இரண்டாவது எலுமிச்சையில் போய்விட்டது. ஸ்டூடியோக்காரரிடம் "துணி என்னுடையது இல்லை" என்று சொன்னேன். முகம் சுருங்கியது, மேலே கேட்கவில்லை.

பழைய மாலுமி ஐயா, ஒரு சந்தேகம். தளத்திலிருந்து பைக்கில் வரும் பையன்கள் சிலர் கடைக்குச் சீருடையோடு வருகிறார்கள், சிலர் சாதாரண உடையில் வருகிறார்கள். இதற்கும் விதி உண்டா? தொப்பியைக் கழற்றாமல் நிற்பதும் ஏன்?

பழைய மாலுமி, நாகர்கோவில்

பணிக்குப் போகிற வழி, பணி முடிந்து வருகிற வழி என்றால் சீருடை. லிபர்ட்டியில், அதாவது பணியில்லாத நேரத்தில் அனுமதி பெற்று, வெளியே வந்தால் சொந்த உடை. தொப்பி சீருடையின் பகுதி. திறந்த வெளியில் அது தலையில் இருக்க வேண்டும். தொப்பி இல்லாமல் சல்யூட் அடிப்பதில்லை என்பது எங்கள் மரபு. மேலதிகாரி எதிரே வந்தால் வெறுந்தலையோடு திணற வேண்டியிருக்கும். கையைக் கவனித்திருப்பீர்கள், தரைப்படையில் உள்ளங்கை முன்னால் தெரியும், எங்களுக்கு உள்ளங்கை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். தார் பூசிய கையை அதிகாரிக்குக் காட்டக் கூடாது என்பதால் வந்தது என்று கதை சொல்வார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது.

பொது இடத்தில் சீருடை வேண்டாம் என்பதற்குக் கூச்சம் காரணம் இல்லை. 2019 டிசம்பரில் உளவு வழக்கு ஒன்றில் மாலுமிகள் சிலர் கைதானார்கள். சமூக ஊடகம் வழியாக வலை விரித்துப் பிடித்தார்கள் என்பது வழக்கு. அந்த மாத இறுதியிலேயே கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் முகநூலுக்கும் தடை வந்தது. சீருடைப் படம் ஒன்று போட்டால் தோள்பட்டை பதவியைச் சொல்லும், பட்டை பெயரைச் சொல்லும், பின்னணி ஊரைச் சொல்லும். எதிரிக்கு வேறென்ன வேண்டும்? உங்கள் கடையில் தொங்கும் சட்டைகளையும் கண்ணாடிக்குப் பின்னால் தெருவைப் பார்த்து மாட்டாதீர்கள்.

உடை மாறிக்கொண்டே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 4, கடற்படை தினத்தன்று சிந்துதுர்க்கில் புதிய தோள்பட்டைகளை அறிவித்தார்கள். மராட்டிய மன்னர் சிவாஜி காலக் கடற்படை மரபைத் தழுவிய வடிவம் என்று மாத இறுதியில் அட்மிரல்களுக்கானதை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு மெஸ்ஸில் குர்தா, பைஜாமாவுக்கும் அனுமதி வந்தது. என் தலைமுறையில் சிலர் முணுமுணுத்தார்கள். எனக்குக் குர்தாவில் வருத்தமில்லை, காற்றோட்டமான துணி. அதை இஸ்திரி போடாமல் கசங்கலாக மாட்டிக்கொண்டு வருபவனைக் கண்டால்தான் கோபம் வரும்.

அரக்கோணம் சலவைக்கடை

ஐயா, கடைசியாக ஒன்று. கோட்டுப் பித்தானைக் கழற்றி, துவைத்த பிறகு மாட்டித் தருவதற்குத் தனியாகக் காசு கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

பழைய மாலுமி, நாகர்கோவில்

தாராளமாகக் கேளுங்கள். வளையங்களை ஆளுக்கொரு மாத்திரை டப்பாவில் போட்டு டோக்கன் எண் ஒட்டி வையுங்கள். ஒரு வளையம் தொலைந்தால் அணிவகுப்பு நாள் காலை ஐந்து மணிக்கு உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள்.