ஷெர்லி சிஷோம்: அதிபர் போட்டியைத் தாண்டி என்ன செய்தார்?

கேள்வி: 1972-இல் அமெரிக்க அதிபர் வேட்பாளராக முயன்ற கறுப்பினப் பெண் என்றுதான் எங்கும் எழுதுகிறார்கள். நாடாளுமன்றத்தில் அவர் மக்களுக்கு என்ன செய்தார்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பதில்: நிறைய. நியூயார்க் நகரின் புரூக்ளினில் குழந்தைகள் காப்பகம் நடத்திய ஆசிரியை. 1968-இல் கீழவைக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண். போனதுமே வேளாண் குழுவில் போட்டார்கள். நகரத்துத் தொகுதிக்காரருக்கு அங்கே என்ன வேலை என்று எதிர்த்து நின்று, முன்னாள் படைவீரர் நலக் குழுவுக்கு மாறினார். ஏழைத் தாய்மாருக்கும் கைக்குழந்தைகளுக்கும் சத்துணவு தரும் திட்டம் உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு.

பதில்: வீட்டு வேலை செய்பவர்களை விட்டுவிட்டீர்களே! 1972-இல் சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்த அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸை சிஷோம் போய்ப் பார்த்தார். இனப் பிரிவினையை ஊரறிய ஆதரித்த ஆள் அவர்; சிஷோமின் ஆதரவாளர்களே கொதித்துப்போனார்கள். பிறகு வீட்டுப் பணியாளர்களுக்கும் குறைந்தபட்ச ஊதியம் கேட்டுப் போராடியபோது, தென் மாநில உறுப்பினர்களின் வாக்குகளைத் திரட்ட அதே வாலஸ் உதவினார். 1974-இல் அது சட்டமானது. சிஷோமின் அம்மாவும் வீட்டு வேலை செய்தவர். சிஷோம் செய்தவற்றில் நான் முதலில் வைப்பது இதைத்தான்.

கேள்வி கேட்டவர்: வாலஸ் விஷயம் எனக்குப் புதிது, மிக்க நன்றி. அந்த ஊதியச் சட்ட விவாதத்தைத் தேடிப் படிக்கிறேன்.