அண்ணனுக்காக நான் சொன்ன பதில்கள்

என் அண்ணனுக்கு 41 வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம், பேச்சு கிடையாது. எழுப்பி உட்கார வைப்பதிலிருந்து உணவு ஊட்டுவது வரை எல்லாவற்றையும், அம்மா காலமான பிறகு, நானே செய்து வருகிறேன். சென்ற ஆண்டு ஆய்வு மாணவி ஒருவர், உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத்தரக் கேள்வித்தாளுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். மொத்தம் 26 கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களை மனத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் தர வேண்டும். அண்ணனுக்குப் பதிலாக நான் சொன்னேன். உறக்கத்துக்கு 2, வேலை செய்யும் திறனுக்கு 1. வாழ்க்கையை எவ்வளவு அனுபவிக்கிறார் என்ற கேள்விக்கும் யோசிக்காமல் 1 என்றேன்.

அந்த நேரத்தில் இஸ்திரி வண்டிக்காரர் வந்து, வழக்கம்போல் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்ன தம்பி, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். எப்போதும் இறுக மூடியிருக்கும் அண்ணனின் வலது கை மெல்ல விரிந்தது. நான் தினமும் பார்ப்பதுதான். ஆனால் அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அக்கா, இது எந்தக் கேள்வியில் வரும்?" என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்றிரவு படுத்தபின் இன்னொன்றும் உறைத்தது. அண்ணன் நன்றாகவே உறங்குகிறார்; படுக்கைப்புண் வராமலிருக்க, இரவில் இரண்டு முறை எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைப்பவள் நான். அந்த 2 என்னுடைய உறக்கத்துக்கான மதிப்பெண். எத்தனை பதில்களில் இப்படி என் சோர்வை அவர் பெயரில் எழுதினேனோ என்று நினைத்தால் இன்றும் மனம் கலங்குகிறது. உங்களில் யாருக்கேனும் இப்படி நேர்ந்திருக்கிறதா?

மறுமொழி:

சகோதரி, நான் 18 ஆண்டுகளாகச் சிறப்பாசிரியராகப் பணியாற்றுகிறேன். உங்களுக்கு நேர்ந்தது எங்களுக்கும் நேர்கிறது. உடல் முழுவதும் செயலிழந்து, பெரும்பாலும் கண்ணசைவாலேயே உரையாடும் பிரான்ஸ் நாட்டினர் 65 பேரின் பதில்களை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வில், 47 பேர் தாம் மகிழ்ச்சியாக இருப்பதாகவே கூறியிருந்தனர். வெளியிலிருந்து பார்க்கும் எவரும் அப்படிக் கணித்திருக்க மாட்டார்கள். அவர்களால் தமக்காகச் சொல்ல முடிந்தது. நம்மவர்களுக்கு அதுவும் இல்லை என்பதால்தான் நம் பொறுப்பு கூடுகிறது.

ஸ்பெயினின் சலமான்கா ஆய்வாளர்கள் உருவாக்கிய சான் மார்ட்டின் வாழ்க்கைத்தர அளவுகோல், கடுமையான குறைபாடு உடையோரை நன்கறிந்தவர் நிரப்புவதற்கென்றே அமைந்தது. அதன் எட்டுப் பிரிவுகளுள் உரிமைகளும் தன் விருப்பப்படி தீர்மானிப்பதும் அடங்கும். அந்த வழியில் நாங்கள் 29 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி, தாயிடமும் பகல்நேரப் பராமரிப்பாளரிடமும் தனித்தனியே கேட்டோம். உணவை அவரே தேர்ந்தெடுக்கிறாரா என்பதில் இருவரும் முற்றிலும் மாறுபட்டனர். தாய் 'ஆம்' என்றார். எங்கள் மையத்திலோ எல்லோருக்கும் ஒரே சாம்பார் சாதம்தான். மறுநாள் இரண்டு தட்டுகளை முன்னே வைத்துக் காத்திருந்தோம். நெடுநேரம் இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, தயிர் சாதத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினார். இப்போது தினமும் இரண்டு தட்டு வைக்கிறோம்.