ஆறரை வயசுப் பிள்ளைக்கு ஆடுற பல்லுக்குப் பின்னால இன்னொரு பல்லு: இழுக்கிறதோ, விடுறதோ?

கொக்குவில்_அம்மா:

வணக்கம். மகளுக்கு ஆறரை வயசு. கீழ் முன்பல் ஒண்டு மூண்டு கிழமையா ஆடுது. நேற்று விடிய பல்லுத் தீட்டேக்க பாத்தால், அதுக்குப் பின்னால நாக்குப் பக்கமா இன்னொரு பல்லு முரசை வெட்டிக்கொண்டு வந்து நிக்குது. நேராவும் இல்லை, கொஞ்சம் திரும்பினபடி. அம்மம்மா நூலைக் கட்டிச் சுண்டிவிடச் சொல்றா. அதைக் கேட்டதிலயிருந்து பிள்ளை வாய் திறக்கிறாளில்லை. இழுக்காமல் விட்டால் ரெண்டு வரிசையா நிண்டுபோகுமோ? நித்திரையில கழண்டு விழுங்கினால் என்ன செய்யிறது? புதுப்பல்லு மஞ்சளாயும் தெரியுது. தெரிஞ்சவை விளக்கமாச் சொல்லுங்கோ.

வடமராட்சிப்_பல்:

நூல் வேண்டாம் அக்கா. முதல்ல அதைத் தள்ளி வையுங்கோ.

கீழயிருந்து நிரந்தரப் பல்லு மேல வர வர, பாற்பல்லின்ர வேர் கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சுபோகும். வேர் முழுக்கக் கரைஞ்ச பிறகு முரசில ஒட்டிக்கொண்டு நிக்கிறது மேல்தொப்பி மட்டும்தான். விழுந்த பல்லைக் கவிட்டுப் பாருங்கோ: வேர் இருக்காது, அடியில சின்னக் கிண்ணம் போலப் பள்ளம், சுத்திவர கூரான விளிம்பு, நடுவில கொஞ்சம் சிவப்பு. கனபேர் அதைக் கண்டு வேர் உள்ளுக்க முறிஞ்சிட்டுது எண்டு பதறுவினம். முறியேல்லை, அப்படித்தான் இருக்கோணும். வேர் கரைய முன்னம் சுண்டினால்தான் உண்மையில முறியும். முரசும் கிழியும், ரத்தமும் கூட வரும், பிள்ளை பிறகு பல் வைத்தியரிட்டயும் வாய் திறக்காது.

இனி அந்த ரெண்டாவது பல்லு. கீழ் முன்பல்லுகளின்ர நிரந்தரக் குருத்து, பாற்பல் வேருக்குப் பின்னால, நாக்குப் பக்கமாத்தான் உருவாகும். மேல வரேக்க வழி கொஞ்சம் விலகினால் வேரைக் கரைக்காமல் பின்னால வந்து எட்டிப் பாக்கும். இந்த வயசில இது அடிக்கடி காணுற ஒரு விசயம். பாற்பல் விழுந்து இடம் விட்டவுடன நாக்கே அதை முன்னுக்குத் தள்ளிவிடும், சில மாசத்தில வரிசைக்கு வந்திடும். திரும்பி நிக்கிறதும் பெரும்பாலும் இடம் கிடைக்கத் தானா நேராகும்.

எவ்வளவு ஆடுது எண்டதுதான் முக்கியம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பிள்ளையை யன்னல் வெளிச்சத்துக்கு முன்னால இருத்துங்கோ. எச்சில் வழுக்கும், அதால சின்னத் துண்டு கோஸ் துணியால பல்லைப் பிடிச்சு முன்னுக்கும் பின்னுக்கும் மெல்ல அசைச்சுப் பாருங்கோ. ஒரு மில்லிமீற்றர் கூட அசையேல்லை எண்டால் வேர் இன்னும் நிக்குது, தொடவேண்டாம். நல்லா முன்னால சாய்ஞ்சு, ஒரு ஓரம் மட்டும் முரசில தொங்கினால் பழுத்திட்டுது. அப்ப பிள்ளை சம்மதிச்சால் அதே கோஸ் துணியால பிடிச்சு, மெல்லத் திருகி எடுக்கலாம். சம்மதிக்காட்டில் நாளுக்கு நாலைஞ்சு தரம் நாக்கால தள்ளச் சொல்லுங்கோ. அவளின்ர நாக்குத்தான் இதுக்கு நல்ல ஆயுதம், அதில பயமும் இல்லை.

பின்பல்லு பாதி உயரத்துக்கு வந்தும் முன்னது அசையாமல் நிண்டால், இல்லாட்டி ரெண்டு மூண்டு மாசம் கடந்தும் விழாட்டில், பல் வைத்தியரிட்ட காட்டி எடுப்பியுங்கோ. விறைப்பு ஊசி போட்டு ஒரு நிமிசத்து வேலை.

மஞ்சள் நிறம் பழுதில்லை. நிரந்தரப் பல்லின்ர உள்படை தடிப்பு, மஞ்சள் கூட. மேற்பூச்சுக்குள்ளால அது தெரியும். பக்கத்தில பால்வெள்ளையாப் பாற்பல் நிக்கிறபடியால் இன்னும் தூக்கலாத் தெரியுது. விளிம்பு வாள்பல்லுப் போல மூண்டு முனையா இருந்தாலும் பயப்பிடவேண்டாம், கடிச்சுக் கடிச்சுத் தேயும். அரத்தால ராவ விடாதேங்கோ.

மருந்துப்பெட்டி:

விழுங்கினால் ஒண்டும் செய்யத் தேவையில்லை, ரெண்டு மூண்டு நாளில மலத்தோட போயிடும். வாழைப்பழம் தின்னக் குடுக்கிறது, வாந்தி எடுக்கப் பண்ணுறது ஒண்டும் வேண்டாம். ஆனால் பல்லுக் காணாமல் போனவுடன விடாத இருமல், மூச்சில விசில் சத்தம், மூச்செடுக்கக் கஷ்டம் இருந்தால் அது சுவாசக் குழாய்க்குள்ள போயிருக்கலாம். நேர அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

ரத்தம் வந்தால் கோஸ் துணியை நாலா மடிச்சு நனைச்சுப் பிழிஞ்சு, அந்தக் குழியில வைச்சு 15 நிமிசம் கடிக்கச் சொல்லுங்கோ. பஞ்சு வேண்டாம், நார் ஒட்டும். இடையில எடுத்து எடுத்துப் பாக்கிறதுதான் எல்லாரும் விடுற பிழை, கட்டின ரத்தம் அதோட பிடுங்குப்படும். அண்டைக்குக் கொப்புளிக்கவும் ஸ்ரோவால உறிஞ்சவும் விடாதேங்கோ. அரை மணித்தியாலம் கடந்தும் நிக்காட்டில் ஆஸ்பத்திரி. பிள்ளைக்கு ரத்தம் உறையாத வருத்தம், இருதய வருத்தம் இருந்தால் ஆடுற பல்லிலகூட வீட்டில கை வைக்கவே கூடாது.

நோவுக்குப் பரசிற்றமோல் போதும், ஒரு தரத்துக்குப் பிள்ளையின்ர நிறையில கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு முன்னம் திரும்பக் குடுக்காதேங்கோ. அஸ்பிரின் பிள்ளையளுக்கு வேண்டாம். கராம்பெண்ணெய் முரசைச் சுடும். சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும், குழைச்ச சோறும் சரி. புழுக்கொடியலும் மாங்காயும் ஒரு கிழமைக்கு மறைச்சு வையுங்கோ.

கொக்குவில்_அம்மா:

கனக்க நன்றி. சொன்னபடி பாத்தன், பல்லு நல்லாச் சாயுது, ஒரு ஓரம்தான் பிடிச்சிருக்கு. வாயைத் திறந்த நேரம் இன்னொண்டும் கண்டன்: மேல் கொடுப்புப்பல் ஒண்டில கறுப்பா ஓட்டை. எப்பிடியும் விழுற பல்லுத்தானே, அதை விடலாமோ?

வடமராட்சிப்_பல்:

விடாதேங்கோ அக்கா. முன்பல்லுக்கு நீங்கள் பட்ட கவலையெல்லாம் உண்மையில இதுக்குத்தான் படவேணும்.

பல்லுக்கொழுக்கட்டை கொட்டின காலத்தில முதல் வந்த கீழ் ரெண்டும்தான் இப்ப முதல் விழுறது. ஆனால் பாற்கொடுப்புப் பல்லுகள் 10, 12 வயசு மட்டும் நிக்கவேண்டிய சாமான். உங்கட மகளுக்கு அது இன்னும் நாலைஞ்சு வருசம். சூத்தை வேர் மட்டும் இறங்கிச் சீழ் கட்டினால், முரசுக்குள்ள உருவாகிக்கொண்டிருக்கிற நிரந்தரப் பல்லின்ர மேற்பூச்சே பழுதாகி, புள்ளியும் பள்ளமுமா முளைக்கும். முன்னதாகவே பிடுங்கவேண்டி வந்தால் பின்னால நிக்கிற பல்லு முன்னுக்குச் சாய்ஞ்சு வந்து அந்த இடத்தை அடைச்சிடும், பிறகு வாற பல்லுக்கு இடமில்லை. அப்பிடிப் பிடுங்கினால் இடம் காக்கிற வளையக் கம்பி போடுறதுபற்றிக் கட்டாயம் கேளுங்கோ.

இன்னொண்டு. அந்தக் கடைசிப் பாற்பல்லுக்கும் பின்னால, ஒரு பல்லும் விழாமலே, 6 வயசளவில புதுசா ஒரு கொடுப்புப்பல் முளைக்கும், நாலு பக்கமும் நாலு. அதைப் பாற்பல் எண்டு நினைச்சுக் கவனிக்காமல் விடுறதுதான் பெரிய நட்டம். அது சாகும்வரைக்கும் இருக்கவேண்டிய பல்லு. புதுசா வரேக்க பக்கத்துப் பல்லைவிடப் பதிவா நிக்கும், நேராத் தீட்டினால் பிறஸ் அதில முட்டாது. பிறஸைக் கன்னப்பக்கத்தால குறுக்க விட்டுத் தீட்டோணும், அதுவும் உங்கட கையால. பிள்ளைக்கு 8 வயசு மட்டும் தனியத் தீட்டக் கைப்பழக்கம் போதாது. பெட்டியில புளோரைட் 1000 பிபிஎம் அல்லது கூட எண்டு போட்ட பற்பசை பட்டாணிக் கடலையளவு, துப்பினபிறகு கனக்கத் தண்ணி விட்டுக் கொப்புளிக்காமல். பனாட்டும் ரொபியும் கொடுப்புப்பல்லின்ர மேல்பக்கத்துப் பள்ளத்துக்க ஒட்டினால் எச்சிலால கழுவுப்படாது, சாப்பாட்டோட சேத்துக் குடுங்கோ, இடையில வேண்டாம்.

கிட்டடியில இருக்கிற பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில 3 வயசிலயிருந்து 13 வயசு மட்டும் காசில்லாமல் பாப்பினம். இல்லாட்டி யாழ் போதனா வைத்தியசாலைப் பற்சிகிச்சைப் பிரிவு. ஓட்டையை அடைக்கச் சொல்லுங்கோ, புதுக் கொடுப்புப்பல்லு முழுக்க வெளிய வந்திட்டுது எண்டால் பள்ளத்தை மூடுற பூச்சும் கேளுங்கோ. அதுக்கு ஊசியும் இல்லை, துளைக்கிறதும் இல்லை. விடியவே பசியாறிப்போட்டுக் கூட்டிக்கொண்டு போங்கோ, வெறும் வயித்தோட பிள்ளை இருக்காது.

ஆடுற பல்லு அதுக்கு முன்னம் தானா விழுந்தால், அவளே கூரையில எறியட்டும்.